ஏற்றினோமா, போட்டோமா?

(தலைப்பு: மின்விளக்கு வந்ததால் வீடு பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? 'இழந்ததே' என்னும் அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, பல்பு மாதிரி பளிச்சென்று பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன் அவர்களே, பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வந்திருக்கும் தாய்மார்களே!

அண்ணன் கேட்டார்: "புகை போச்சு, கரி போச்சு, கண்ணெரிச்சல் போச்சு. எதைம்மா இழந்தீங்க?" நியாயமான கேள்விதான். எங்க வீட்டில் சாயங்காலம் ஆனால் சிம்னிக் கண்ணாடியைத் துணியும் சாம்பலும் வச்சுத் துடைச்சது அம்மா. அப்பா இல்லை. (சிரிப்பு) பெரிய கை உள்ளே போகாது, சின்னக் கை வேணும். அதனால அந்த உத்தியோகம் பிற்பாடு எனக்கு வந்தது. கண்ணாடி உடைஞ்சு கீறின தழும்பு இந்த விரல்ல இன்னும் இருக்கு. எனக்கு அந்த விளக்கு திரும்ப வேண்டாம். நான் கேட்கிறது அதன் சொல்லை.

"இங்கிலீஷ் பேர் வந்து தமிழ் கெட்டுதுன்னு சொல்லப் போறீங்க" என்று முன்கூட்டியே ஒரு வெடி வச்சுட்டுப் போனார். அதையும் சொல்லப் போறதில்லை. வெளியூர் விளக்கு நமக்குப் புதுசா? சங்க நூலான நெடுநல்வாடையில் அரண்மனைக்குள்ளே எரியுறது யவனர் செய்த பாவை விளக்கு. பொம்மையின் கையில் அகல், அதில் நெய், திரி. கப்பலில் வந்த விளக்குக்குத் தமிழில் பேர் வச்சு உள்ளே கொண்டுபோனோம். லாந்தர் வந்தது, நாக்கில் புரண்டு ராந்தல் ஆனது. புயலுக்கும் அணையாதுன்னு வெள்ளைக்காரன் வச்ச 'ஹரிகேன்', நமக்கு அரிக்கேன் விளக்கு. சீமையிலிருந்து வந்த எண்ணெய் சீமெண்ணெய். அதே 'கெரசின் ஆயில்' ரேஷன் கடை வரிசையில் நின்னு நின்னு கிருஷ்ணாயில் ஆகி, பகவானே வந்து அடுப்பெரிச்சார்! (கைதட்டல்) பெட்ரோலியத்தோடு மாக்ஸ் கிரேட்ஸ் என்கிற ஜெர்மன்காரர் பேரை ஒட்டிவச்சது பெட்ரோமாக்ஸ். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்துக்கு அப்புறம் அந்த மேண்டிலைத் தொடாத தமிழனே இல்லை. (பலத்த சிரிப்பு)

பேர் எத்தனை வந்தாலும் தாங்குச்சு, நடுவர் அவர்களே. போனது வினைச்சொல்.

'விளங்கு' என்றால் ஒளிர்வது. 'விளக்கு' என்றால் ஒளிரச் செய்வது. பாத்திரம் விளக்குகிறோம், பல் விளக்குகிறோம், வாத்தியார் பாடத்தை விளக்குகிறார். எல்லாம் ஒரே சொல், எல்லாத்துக்கும் ஒரு கை வேணும். விளக்கை ஏற்றினோம். திரியைத் தூண்டினோம். அந்தத் திரியை முன்னே தள்ளுகிற சின்னக் குச்சிக்குப் பேர்தான் தூண்டுகோல். இன்றைக்குப் பாராட்டு விழாவுக்குப் பாராட்டு விழா "எனக்குத் தூண்டுகோலாக இருந்தவர்" என்று பேசுகிறோமே, அந்தக் கோலைக் கண்ணால் பார்த்தவங்க இந்த அரங்கத்தில் கை தூக்குங்க பார்ப்போம்! எண்ணிடலாம் போலிருக்கே. (சிரிப்பு)

முடிச்ச பிறகு என்ன சொன்னோம்? 'அணை' என்று எங்க ஆச்சி வாயில் ஒரு நாளும் வந்ததில்லை. "விளக்கை அமர்த்து", "குளிர வை". தானாக நின்னுட்டா "மலையேறிடுச்சு". எரிகிற நெருப்புக்கும் ஒரு மரியாதை.

அணையவே கூடாதென்று சோழர் காலத்தில் ஏற்பாடு செய்த கதையைக் கல்லே சொல்லுது. 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில், ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு. பசுவானால் 48, எருமையானால் 16. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கணும். அந்த மாதிரி ஆட்டுக்குச் சோழர் கல்வெட்டுகள் கொடுத்த பேர் 'சாவா மூவா பேராடு'. ஆடு சாகாதா? சாகும், கிழடாகும். மந்தையில் குட்டி வந்து நிரவும், கணக்கு 96-லேயே நிற்கும். ஒரு சுடருக்குப் பின்னால் ஒரு மந்தையும் ஒரு குடும்பமும் நின்றது.

இப்போ? "லைட்டைப் போடு." குப்பையையும் போடுறோம், சண்டையும் போடுறோம், லைட்டையும் போடுறோம். (சிரிப்பு, கைதட்டல்) நிறுத்த "ஆஃப் பண்ணு". அண்ணனுக்காக ஒண்ணு ஒத்துக்கறேன். ஸ்டார்ட்டர் கண் சிமிட்டி, யோசிச்சு எரியுமே, அதிலிருந்து நமக்கு 'டியூப்லைட்' என்று ஒரு திட்டு கிடைச்சது. எல்.ஈ.டி. யோசிக்காமலே எரியுது. அந்தத் திட்டுக்கு அர்த்தம் என்னன்னு எங்க வீட்டுப் பேரன் கேட்கிறான்.

போன வாரம் கரண்ட் போச்சு. அகலில் திரி போட்டு அவன் கையில் கொடுத்து, "ஏத்துடா தங்கம்" என்றேன். அவன் விளக்கை அலமாரி மேலே தூக்கி வச்சுட்டான். 'மேலே ஏத்து' என்று நினைச்சுக்கிட்டான், பிள்ளை. சிரிச்சேன், ஆனா அப்புறம் ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. ஆச்சி முறைப்படி நானே அமர்கிறேன், நீங்க ஆஃப் பண்ண வேண்டாம். (பலத்த கைதட்டல்)