சட்டசபையில் பாஸான 10.5% சட்டம் கோர்ட்டில் நிற்காதது ஏன்? தமிழ்நாட்டுக்குத் தனி அரசியல் சாசனம் இருக்கா? விழுப்புரம், திண்டிவனம் உதாரணங்களோடு ஒரு விளக்கம்

2021 பிப்ரவரி 26. தமிழ்நாட்டுக்குத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மசோதா சட்டப்பேரவையில் நிறைவேறியது. ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தது. ஆனால் 13 மாதங்கள் கழித்து, 2022 மார்ச் 31-ல், உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு அந்தச் சட்டம் முடிந்துபோனது.

"நாம ஓட்டுப் போட்டு அனுப்பின எம்.எல்.ஏ.க்கள் போட்ட சட்டத்தை கோர்ட் எப்படி ரத்து பண்ண முடியும்?" விழுப்புரம் மாவட்டத்தில் அன்று பலரும் கேட்ட கேள்வி இது. பதில் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. வாக்குரிமை, தொகுதி, எம்.எல்.ஏ. பதவி, சட்டம் என எல்லாவற்றுக்கும் எல்லை போடுவது அந்த ஒரே புத்தகம்தான்.

தமிழ்நாட்டுக்குத் தனி அரசியல் சாசனம் உண்டா?

இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அரசியல் சாசனம் இருக்கிறது. இந்தியாவில் அப்படிக் கிடையாது. ஜம்மு காஷ்மீருக்கு மட்டும் 1957 முதல் தனி சாசனம் நடைமுறையில் இருந்தது. 2019 ஆகஸ்டில் அதுவும் முடிவுக்கு வந்தது.

மற்ற மாநிலங்களுக்கான விதிகள் எல்லாம் இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 6-ம் பகுதியில் உள்ளன. அதில் 168 முதல் 212 வரையிலான பிரிவுகள் மாநில சட்டமன்றத்தைப் பற்றிப் பேசுகின்றன. இவற்றை மாற்றும் அதிகாரம் தமிழ்நாடு சட்டப்பேரவைக்கு இல்லை. 'மேலவை வேண்டாம்' என்று 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு முடிவெடுத்தபோதும், பேரவையால் தீர்மானம்தான் போட முடிந்தது. மேலவையைக் கலைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் நிறைவேற்றியது.

யாருக்கு ஓட்டு?

பிரிவு 326-ன்படி 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் வாக்குரிமை உண்டு. 1989 வரை இது 21 வயதாக இருந்தது. 61-வது திருத்தம் அதை 18 ஆக்கியது. மதம், சாதி, பாலினம் பார்த்து யாரையும் வாக்காளர் பட்டியலில் இருந்து விலக்கக் கூடாது என்கிறது பிரிவு 325.

ஒரு ஓட்டுக்கு என்ன பெரிய மதிப்பு என்று கேட்பவர்கள் திண்டிவனத்தைப் பார்க்கலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் இங்கே திமுகவின் சீத்தாபதி, அதிமுக வேட்பாளரை வென்றது வெறும் 101 வாக்குகள் வித்தியாசத்தில்.

தனித் தொகுதி என்றால் என்ன?

பலரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் இது. தனித் தொகுதியில் பட்டியல் சாதியினர் மட்டும்தான் ஓட்டுப் போடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. தொகுதியில் உள்ள எல்லோரும் ஓட்டுப் போடலாம். போட்டியிடுபவர் மட்டும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். சட்டமன்றத்தில் இதற்கு வழிசெய்வது பிரிவு 332. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் 44 பட்டியல் சாதியினருக்கும், 2 பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இது அரசியலை எப்படி மாற்றும்? திண்டிவனம் முன்பு பொதுத் தொகுதி. 2001, 2006 தேர்தல்களில் இங்கே வென்றவர் அதிமுகவின் சி.வி.சண்முகம். 2008 தொகுதி மறுவரையறையில் திண்டிவனம் தனித் தொகுதியானது. அதன் பிறகு 2011, 2016 தேர்தல்களில் அவர் நின்று வென்றது பக்கத்திலுள்ள விழுப்புரம் பொதுத் தொகுதியில்.

மக்களவையிலும் மாற்றம் வந்தது. 2004 வரை 'திண்டிவனம்' என்று ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. மறுவரையறையில் அது மறைந்து, 'விழுப்புரம் (தனி)' உருவானது. திண்டிவனம், வானூர், விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடங்கும்.

234 என்ற எண் மாறாதது ஏன்?

ஒரு மாநில சட்டப்பேரவையில் பொதுவாக 60-க்குக் குறையாமலும் 500-க்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 170. தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை 1971 மக்கள்தொகைக் கணக்கின் அடிப்படையில் நிற்கிறது. 2001-ல் வந்த 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரம் வரும் வரை இந்த எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது. அதனால்தான் 2008-ல் தொகுதிகளின் எல்லை மாறியது, எண்ணிக்கை மாறவில்லை.

எம்.எல்.ஏ. பதவி காலியானால்?

விக்கிரவாண்டி மக்களுக்கு இது நன்றாகவே தெரியும். 5 ஆண்டுகளுக்குள் இரண்டு இடைத்தேர்தலைப் பார்த்த தொகுதி அது. எம்.எல்.ஏ. ராதாமணி மறைவால் 2019 அக்டோபரில் ஒன்று. எம்.எல்.ஏ. புகழேந்தி மறைவால் 2024 ஜூலை 10-ல் இன்னொன்று. முதலாவதில் அதிமுகவின் முத்தமிழ்ச்செல்வனும், இரண்டாவதில் திமுகவின் அன்னியூர் சிவாவும் வென்றனர். பதவி காலியான 6 மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் விதி. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்றால் தேவையில்லை.

தண்டனை பெற்றாலும் பதவி போகும். 2023 டிசம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்ததால், திருக்கோவிலூர் எம்.எல்.ஏ.வும் அமைச்சருமான பொன்முடி பதவி இழந்தார். 2024 மார்ச் 11-ல் அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததும் எம்.எல்.ஏ. பதவி திரும்பக் கிடைத்தது. ஆனால் அவருக்கு மீண்டும் அமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்து வைக்க ஆளுநர் மறுத்தார். முதலமைச்சரின் ஆலோசனைப்படியே ஆளுநர் அமைச்சர்களை நியமிக்க வேண்டும் என்கிறது பிரிவு 164. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மார்ச் 22-ல் பொன்முடி பதவியேற்றார்.

ஒரு சட்டம் எப்படி உருவாகிறது?

முதல் கேள்வி, அந்த விஷயத்தில் சட்டம் போட மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கா என்பது. 7-வது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன.

• மத்தியப் பட்டியல்: பாதுகாப்பு, ரயில்வே போன்றவை. நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றலாம்.
• மாநிலப் பட்டியல்: காவல்துறை, உள்ளாட்சி, விவசாயம் போன்றவை. பொதுவாக மாநிலத்தின் கையில்.
• பொதுப் பட்டியல்: கல்வி, காடுகள் போன்றவை. இருவரும் இயற்றலாம். மோதல் வந்தால் பொதுவாக மத்தியச் சட்டமே செல்லும்.

அடுத்து வாக்கெடுப்பு. அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் ஆதரித்தால் மசோதா நிறைவேறும். சபாநாயகர், இரு தரப்பும் சமமாக வந்தால் மட்டுமே ஓட்டுப் போடுவார்.

பிறகு ஆளுநர். பிரிவு 200-ன்படி அவர் ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைக்கலாம். பண மசோதாவைத் திருப்பி அனுப்ப முடியாது.

எத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும்? இதுதான் தமிழ்நாட்டில் பெரிய சண்டையானது. 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, கிடப்பில் இருந்த தமிழ்நாட்டின் 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்து, காலக்கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டதை அடுத்து, நவம்பர் 20-ல் 5 நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவதும்' சரியல்ல. அதே சமயம், காரணமே இல்லாமல் நீண்ட காலம் மசோதாவைக் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

ஒரே மாதம், இரண்டு சட்டம், இரண்டு முடிவு

2021 பிப்ரவரியில் சட்டப்பேரவை நிறைவேற்றிய இரண்டு மசோதாக்கள் விழுப்புரத்தை நேரடியாகத் தொட்டன.

முதலாவது, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட டாக்டர் ஜெ.ஜெயலலிதா பல்கலைக்கழகம். மே மாதம் ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31-ல், அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கும் மசோதாவைப் புதிய பேரவை நிறைவேற்றியது. அதிமுக கடுமையாக எதிர்த்தும் பயனில்லை. ஒரு பேரவை போட்ட சட்டத்தை அடுத்த பேரவை மாற்றலாம். பெரும்பான்மை இருந்தால் போதும்.

இரண்டாவது, 10.5%. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. 1987 செப்டம்பரில் தனி இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தியது. அந்தப் போராட்டத்தில் 21 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுக்கான மணிமண்டபம் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் திறக்கப்பட்டது. 1989-ல் கருணாநிதி அரசு, வன்னியர் உட்பட 100-க்கும் மேற்பட்ட சமூகங்களைச் சேர்த்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20% ஒதுக்கியது. 2021 சட்டம் அந்த 20-ஐ 10.5, 7, 2.5 என மூன்றாகப் பிரித்தது. 10.5 வன்னியருக்கு மட்டும்.

ஆட்சி மாறிய பிறகும் திமுக அரசு ஜூலையில் அரசாணை வெளியிட்டு இதை நடைமுறைப்படுத்தியது. ஆக, பேரவையின் இரு பெரிய கட்சிகளும் ஆதரித்த சட்டம் இது. ஆனாலும் 2021 நவம்பர் 1-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த முடிவை உறுதி செய்தது.

ஏன் நிற்கவில்லை?

அடிப்படை உரிமைகளுக்கு எதிரான சட்டம் செல்லாது என்கிறது பிரிவு 13. பிரிவு 14, 15, 16 ஆகியவை சமத்துவத்தைப் பற்றியவை. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள மற்ற சமூகங்களிலிருந்து வன்னியரை மட்டும் தனியாகப் பிரிக்க, அண்மைக்கால சமூக, கல்வி, பொருளாதார நிலை குறித்த போதுமான தரவு இல்லை என்பதுதான் உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியக் காரணம்.

இதில் கவனிக்க வேண்டியது, 'உள் ஒதுக்கீடு தர மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை' என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. அதிகாரம் உண்டு, அதற்கு ஆதாரம் வேண்டும் என்றது. அதாவது கதவு மூடப்படவில்லை. 2023 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, இதை ஆராயும்படி பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்திடம் கேட்டது.

இதே மாநிலத்தின் 69% இட ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அதற்குப் பாதுகாப்பு கொடுக்க 1994-ல் நாடாளுமன்றம் அரசியலமைப்பையே திருத்தி, 9-வது அட்டவணையில் சேர்த்தது. அந்தப் பாதுகாப்பைச் சட்டப்பேரவை மட்டும் நினைத்திருந்தால் கொடுத்திருக்க முடியாது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது

'ஜெயிச்சா சட்டம் கொண்டு வருவோம்' என்று எந்தக் கட்சி சொன்னாலும், வாக்காளர் இந்த நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

• இது மாநிலத்தின் அதிகாரத்துக்குள் வருகிற விஷயமா, டெல்லி செய்ய வேண்டியதா?
• ஆளுநரிடமோ குடியரசுத் தலைவரிடமோ நின்றுவிட்டால் என்ன திட்டம்?
• கோர்ட்டில் கேட்டால் காட்டுவதற்குத் தரவு கையில் இருக்கா?
• தேர்தலுக்கு முந்தைய கடைசி நாள் வரை காத்திருக்காமல், ஆட்சியின் தொடக்கத்திலேயே கொண்டு வருவீர்களா?