பேராதனைக்குப் போன எம்மவர்

1942இல் கொழும்பில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடம் 1952இல் பேராதனைக்கு இடம்மாறியது. விடுதியில் தங்கியே கற்கும் பல்கலைக்கழகமாக அதனை அமைத்தவர் முதலாவது துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். வடக்கிலிருந்து சென்ற பிள்ளைக்கு, 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின், பெட்டியுடன் பொல்காவலையில் இறங்கிக் கண்டி வண்டிக்கு மாறுவதே முதற்பாடம்.

சங்கமித்தை, ஹில்டா ஒபயசேகர விடுதிகளில் மூவினப் பெண்களும் ஒரே மேசையில் உண்டனர். கையால் குழைத்துச் சாப்பிட்டுப் பழகிய எம்மவருக்கு முள்ளுக்கரண்டி பெருஞ்சோதனை. பகிடிவதை சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குக் கண்ணீர். அதை இங்கு விரிக்க விரும்பவில்லை.

1960ஆம் ஆண்டளவில் கலைப்பீட விரிவுரைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆரம்பித்தன. ஆங்கிலம் போதாமல் வெளியே நின்ற கிராமத்துப் பிள்ளைகளுக்கும் வழி திறந்தது. ஆனால் நூலகத்து நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. பகலில் தமிழில் எடுத்த குறிப்பை இரவில் அகராதியின் துணையோடு அந்நூல்களுடன் ஒப்பிட்டுப் படிக்க வேண்டியிருந்தது. கல்லூரி ஆங்கில ஆசிரியையின் கண்டிப்பை அப்போதுதான் பலர் நன்றியோடு நினைத்திருப்பர்!

1962இல் கலாநிதி சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். படித்த வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஆகாதென ஊரில் விலக்கப்பட்ட கூத்தைப் பலர் முதன்முதல் பார்த்தது மகாவலிக் கரையில்தான்.