திறக்காத சிப்பியை நம்பி வாங்கிய கரை

ஒன்லைனில் ஓடர் பண்ணின பார்சல் கைக்கு வரும்போது மனசுக்குள் ஒரு சின்னப் பயம் இருக்கும் தானே? போட்டோவில் பார்த்தது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்றாக இருந்தால் என்ன செய்வது? இந்தப் பயம் புதிதில்லை. மன்னாரிலிருந்து சிலாபம் வரை நீண்ட நம் கரையில், பிரித்தானியர் காலத்தில் மூடிய சிப்பியையே ஏலம் போட்டார்கள். உள்ளே முத்து இருக்கா இல்லையா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கினவருக்கும் தெரியாது. ஆனாலும் கடல் தாண்டி ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். எதை நம்பி வந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்று பேஸ்புக்கில் பேஜ் திறந்து வியாபாரம் செய்ய நினைக்கிற எல்லாருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கு.

முதலில் 1344க்குப் போவோம். மொரோக்கோவைச் சேர்ந்த பயணி இப்னு பதூதா புத்தளம் கரையில் இறங்குகிறார். அவர் அதை 'பத்தாலா' என்கிறார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி முன்னால் முத்துக் குவியல் ஒன்று இருக்கிறது. பணியாட்கள் நல்லதைத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அரசர் தன் முத்தின் பெருமையைத் தானே பேசவில்லை. பாரசீக வளைகுடாப் பக்கத்து முத்தையும் பார்த்த அந்த மனிதரின் முன் சிலதை எடுத்துக் காட்டி, இதற்கு ஈடாக அங்கே உண்டா என்று கேட்கிறார். இல்லை, அங்கே பார்த்ததெல்லாம் இதைவிடக் குறைந்தவைதான் என்கிறார் பதூதா. அரசருக்குச் சந்தோசம், முத்துக்களை அவருக்கே கொடுத்துவிடுகிறார். பதூதா ஊர் திரும்பிச் சொன்ன பயணக்கதை 1355ல் எழுதி முடிக்கப்பட்டது. இன்றுவரை அதை வாசிக்கிறோம். இன்றைக்கு 'இன்ஃபுளுவன்சர்' என்கிறோமே, அந்த வேலைதான் இது. ஒரு வித்தியாசம்: தனக்கு அன்பளிப்புக் கிடைத்ததையும் பதூதா மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அடுத்தது பிரித்தானியர் காலம். சிலாபம் என்ற ஊர்ப்பெயரையே பாருங்கள். பழைய தமிழில் சலாபம், சிலாபம் என்றால் முத்துக்குளிப்பு. கடலுக்கடியில் சிப்பி கிடக்கும் திட்டுக்குப் 'பார்' என்று பெயர். குளிப்புக்கு முன்னால் அரசாங்கம் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பியை மாதிரிக்கு எடுக்கும். அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை எண்ணி, மதிப்பீட்டாளர்களைக் கொண்டு விலை போடும். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் முத்து கிடைத்தது, இந்த நாளில் இந்த இடத்தில் குளிப்பு தொடங்கும் என்று அறிவித்தல் வரும். அந்தச் செய்தி கீழக்கரை, தூத்துக்குடி என்று ஓடி, அரபுக் கரைவரை போகும்.

1905ல் நம்ம மாவட்ட எல்லைக்குச் சற்று வடக்கே, மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புக்கு 318 வள்ளங்களும் ஏறக்குறைய 5000 குளியாட்களும் வந்தார்கள். எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் அரசாங்கத்துக்கு. மாலையானால் அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே ஏலம் போகும்.

இந்த விளம்பரத்தில் அலங்கார வார்த்தை இல்லை. மாதிரி எடுத்தோம், எண்ணினோம், இவ்வளவுதான் என்ற கணக்கு மட்டும்தான். மூடிய சிப்பிக்குக் காசு கொடுக்க அது போதுமாக இருந்தது.

அதே கரையில்தான் எதிர்ப்பாடமும் நடந்தது. 1906ல் லண்டன் முதலீட்டுக் கம்பனி ஒன்று, வருடம் 3,10,000 ரூபாய் என்று 20 வருடத்துக்கு முத்துப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. முந்தின சில வருடங்களின் பெரிய அறுவடை அதற்குத் துணிச்சல் கொடுத்தது. ஆனால் 1907க்குப் பிறகு குளிப்பு நடத்தச் சிப்பி இல்லை. கொஞ்ச வருடத்தில் கம்பனியே மூடப்பட்டது. போன வருடத்து மாதிரியை வைத்து வரப்போகும் வருடத்தை வாங்கியதன் விலை அது.

இப்போது கற்பிட்டிக்கு வருவோம். இங்கே விற்பது முத்தில்லை. டொல்பின், காற்று, பவளப்பாறை. விளம்பரம் பெரும்பாலும் போனில்தான். 1992ல் சரணாலயமான பார் ரீஃபின் பவளத்தில் பெரும்பகுதி 2016ல் வெளிறி அழிந்தது. அதற்கு முன்னால் எடுத்த கலர்ப் படத்தை இன்றைக்கும் போட்டு ஆள் கூப்பிட்டால், அதுவும் பழைய வருடத்து மாதிரிதான். டொல்பின் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரை வரவேண்டும். மே முதல் ஒக்டோபர் வரை பலத்த காற்று, அது கைட் சேர்ஃபிங் காலம். இதைச் சொல்லாமல் ஓகஸ்டில் 'டொல்பின் ட்ரிப்' போஸ்ட் போட்டால் லைக் கிடைக்கும். வந்து ஏமாந்து போகிறவர் எழுதும் ரிவியூவும் சேர்ந்தே கிடைக்கும். 'நாளைக்குக் கடல் சரியில்லை, வர வேணாம்' என்று போஸ்ட் போடுகிற வள்ளக்காரருக்கு அன்றைக்கு வருமானம் போகும். ஆனால் அடுத்த முறை அவர் 'வாங்க' என்றால் ஆள் நம்பி வரும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு 2019 மேயைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி, மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் கல் விழுந்தது. ஊரடங்கு வந்தது. அடுத்த நாள் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப் உட்படப் பலதையும் முடக்கியது. வன்முறை பரவி, நம்ம மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பதிவுகளும் அந்த நாட்களில் சுற்றின.

அவர் கவனமாக எழுதியிருந்தால் தப்பியிருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. கல் எறிந்தவர்கள்தான் குற்றவாளிகள். ஆனால் வியாபாரத்துக்கு இதே இடத்தை நம்பியிருக்கும் நாம் இரண்டு விசயத்தை மறக்கக்கூடாது. ஒன்று, நம் போஸ்டை வாசிப்பது நம் ஃபொலோவர்ஸ் மட்டுமில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி புழங்கும் மாவட்டம் இது. விலை, திகதி, நிபந்தனை மூன்றிலும் தெளிவாக இருக்கவேண்டும். இரண்டு, அந்தத் தளம் நம்முடையதில்லை. ஒரே உத்தரவில் மூடிவிடலாம். வழக்கமான வாடிக்கையாளர்களின் போன் நம்பர் ஒரு கொப்பியில் இருக்கட்டும்.

கற்பிட்டியில் வள்ளம் ஓட்டும், தும்புப் பொருள் விற்கும், கருவாடு பார்சல் அனுப்பும் நம்ம வயசுப் பிள்ளைகள் நிறையப் பேர் இன்றைக்குப் பேஜ் வைத்திருக்கிறார்கள். அடுத்த போஸ்ட் போட முன்னால் ஒரு வேலை செய்து பாருங்கள். இன்றைக்கு எடுத்த படம், எடுத்த திகதி, நிறை, விலை, இந்த முறை இல்லாத சாமான் எது என்பதை மட்டும் எழுதுங்கள். வாங்குகிறவருக்கு பார்சல் இன்னும் மூடிய சிப்பிதான். உள்ளே என்ன இருக்கு என்பது உங்களுக்காவது தெரியுமே.