டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ: பல்வகை இதயப் படப் பரிசோதனை

டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ நான்கு குறைகள் சேர்ந்த பிறவி இதய நோய்: கீழறைகளுக்கிடையே ஓட்டை, நுரையீரலுக்கு ரத்தம் செல்லும் வழியில் சுருக்கம், ஓட்டையின் மேலே இடம் மாறி அமர்ந்த மகாதமனி, தடித்த வலக் கீழறை. 1888இல் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் ஃபாலோ இவற்றை ஒரே நோயாக விவரித்தார்.

கைக்குழந்தையிடம் நோயைக் கண்டறிய எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பெரும்பாலும் போதும். சிக்கல் பின்னால் வருகிறது. அறுவை சிகிச்சையில் சுருக்கத்தை அகற்றும்போது நுரையீரல் வால்வு பலருக்கும் கசியத் தொடங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல வலக் கீழறை விரியும். அது மார்பெலும்பை ஒட்டி, ஒழுங்கற்ற வடிவில் இருப்பதால் பெரியவர்களிடம் எக்கோ அதை முழுமையாகக் காட்டாது. எனவே அறையின் கொள்ளளவையும் கசிவின் அளவையும் எம்ஆர்ஐ கொண்டு அளக்கிறார்கள். உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு, விரிந்த நிலைக் கொள்ளளவு சுமார் 160 மில்லிலிட்டரைத் தாண்டுவது வால்வு மாற்றத்தைப் பரிசீலிக்கச் சொல்லும் அடையாளங்களுள் ஒன்று. அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

சிடி ஸ்கேன் சில நொடிகளில் முடியும். கதிர்வீச்சுதான் அதன் குறை. சில நோயாளிகளில் இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது முன் இறங்கு தமனி வலது கரோனரித் தமனியிலிருந்து கிளம்பி, வலக் கீழறையின் வெளிவழிக்குக் குறுக்கே ஓடும். தெரியாமல் கத்தி வைத்தால் ஆபத்து; சிடி அதைத் தெளிவாகக் காட்டும். கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியே வால்வு பொருத்துமுன், வால்வு அமரும் இடத்தில் பலூனை ஊதி, கரோனரித் தமனி நசுங்குகிறதா என்று ஆஞ்சியோ படத்தில் பார்க்கிறார்கள். ரத்த அழுத்தத்தை நேரடியாக அளப்பதும் கதீட்டரால்தான்.