கடலில்லாத ஊரில் கடல் விருந்து: சிப்பியோடு வந்த டைபாய்டு

1/ சிகாகோவுக்குக் கடல் கிடையாது. பக்கத்தில் இருப்பது மிச்சிகன் ஏரி, நல்ல தண்ணி. அட்லாண்டிக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனா 1924 குளிர்காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் பலர் கடல் உணவு சாப்பிட்டு டைபாய்டில் படுத்தார்கள். ஈ மொய்த்த பண்டம் இல்லீங்க. ஐஸில் வந்து இறங்கிய பச்சைச் சிப்பி.

2/ அந்த ஒரே சீசனில் சிகாகோ, நியூயார்க், வாஷிங்டன் உட்பட பல ஊர்களில் சுமார் 1,500 பேருக்கு டைபாய்டு. சுமார் 150 பேர் இறந்தார்கள். கடலுக்கு ரொம்ப தூரத்தில் உட்கார்ந்து கடல் உணவு சாப்பிடுகிற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது. கொஞ்சம் நீளம். பொறுமையா வாங்க.

3/ முதல்ல சிப்பி. ஆய்ஸ்டர்னு மெனுவில் பார்த்திருப்பீங்க. ஓட்டைக் கத்தியால் நெம்பித் திறந்து, எலுமிச்சை பிழிந்து, வேக வைக்காமல் அப்படியே விழுங்குவார்கள். விழுங்கும்போது பெரும்பாலும் அதற்கு உயிர் இருக்கும். இந்த விஷயத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

4/ அந்தக் காலத்தில் கடலில்லாத ஊருக்கு மீனைக் கொண்டு போக உப்புப் போடணும், இல்லேன்னா காய வைக்கணும். சிப்பிக்கு அந்தக் கவலை இல்லை. ஓட்டை இறுக்கி மூடிக்கிட்டு, உள்ளே கொஞ்சம் தண்ணியை வச்சுக்கிட்டு, குளிர்ச்சி மட்டும் கிடைத்தால் கரையில் பல நாள் உயிரோடு இருக்கும்.

5/ அதனால்தான் ரயில் வருவதற்கு முன்னாடியே சிப்பி அமெரிக்காவின் உள்நாட்டுக்குப் போய்விட்டது. பால்டிமோர் துறைமுகத்திலிருந்து குதிரை வண்டிகள் அலகெனி மலையைத் தாண்டிச் சுமந்தன. சிகாகோவில் 1830களிலேயே நியூ ஹேவன் சிப்பி, பனியில் சறுக்கும் வண்டியில் வந்து இறங்கியது. லேக் ஹவுஸ் என்ற ஹோட்டலில் பரிமாறினார்கள்.

6/ பிறகு ரயில். 1853ல் பால்டிமோர் ரயில் பாதை ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் வீலிங் நகரத்தைத் தொட்டது. அங்கிருந்து நீராவிப் படகில் சின்சினாட்டி. கூடவே ஐஸ் வியாபாரமும் வளர்ந்தது. நியூ இங்கிலாந்து ஏரிகளில் குளிர்காலத்தில் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து விற்றார்கள்.

7/ அந்த ஐஸ் நமக்கும் தெரிந்ததுதான். அதே வியாபாரத்தின் பெரிய புள்ளி ஃப்ரெடரிக் டியூடர் மதராஸுக்குக் கப்பலில் அனுப்பிய ஐஸைச் சேமிக்கத்தான் மெரினா எதிரே 1842ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். இன்னைக்கு அது விவேகானந்தர் இல்லம்.

8/ நியூயார்க்கில் சிப்பி கூலித்தொழிலாளி தள்ளுவண்டியில் சாப்பிடுகிற பண்டம். மலை தாண்டிப் போனதும் அதே சிப்பி கௌரவமாகிவிட்டது. விருந்து, தேர்தல் வெற்றி, கல்லூரி விழா என்றால் சிப்பி இருக்கணும். தூரம் கூடக்கூட விலையும் கூடியது, மரியாதையும் கூடியது.

9/ இப்ப சிப்பியின் உடம்பைப் பார்ப்போம். அது நகராது, வேட்டையாடாது. தண்ணியை உள்ளே இழுத்து, வடிகட்டி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். நல்ல சூழலில் வளர்ந்த ஒரு சிப்பி ஒரு நாளைக்கு 150 லிட்டருக்கும் மேலே வடிகட்டும். தண்ணியில் கிருமி இருந்தால் அதுவும் உள்ளே போய்ச் சேரும்.

10/ 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் நகரங்கள் பெருத்தன. வீட்டுக்கு வீடு ஃப்ளஷ் கக்கூஸ், தெருவுக்குத் தெரு பாதாளச் சாக்கடை. எல்லாம் போய் விழுந்தது ஆற்றில். ஆறு போய் விழுந்தது முகத்துவாரத்தில். சிப்பி நன்றாக வளரும் இடமும் அதே முகத்துவாரம்தான்.

11/ இதுக்கு மேல வியாபாரிகளின் ஒரு தந்திரம். உப்புத் தண்ணியில் எடுத்த சிப்பியை விற்பதற்கு முன் ஒன்றிரண்டு நாள் உப்பு குறைந்த ஆற்று முகத்தில் போட்டு வைப்பார்கள். சவ்வூடு பரவல் என்று பள்ளியில் படிச்சோமே, அதேதான். சதை தண்ணி குடித்து உப்பும். தட்டில் கொழுகொழுவென்று இருக்கும்.

12/ டைபாய்டைப் பத்தி ரெண்டு வரி. நோயாளியின் மலத்தில் கிருமி வெளியேறும், இன்னொருவர் வாய்க்குள் போகும். போனதிலிருந்து காய்ச்சல் வர ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். கிருமியை 1880லேயே கண்டுபிடித்தாச்சு. ஆனா மருந்து? 1948ல் குளோரம்ஃபெனிகால் வரும்வரை ஒன்றும் இல்லை. அதுவரை பத்தில் ஒருவராவது செத்துப்போவார்.

13/ இனி கதைக்கு வருவோம். 1894 அக்டோபர் 12. கனெக்டிகட் மாநிலம், மிடில்டவுன் ஊரில் வெஸ்லியன் பல்கலைக்கழகம். புது மாணவர்களைச் சேர்த்துக்கொண்ட மாணவர் சங்கங்கள் அன்று இரவு விருந்து வைத்தன. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு மாணவனாகக் காய்ச்சலில் விழுந்தான். சுமார் 25 பேர். நாலு பேர் இறந்தார்கள்.

14/ அங்கே உயிரியல் பேராசிரியராக இருந்தவர் ஹெர்பர்ட் கான். நாங்க டாக்டருங்க நோயாளிகிட்ட 'என்ன சாப்பிட்டீங்க, எப்போ சாப்பிட்டீங்க'ன்னு குடைவோமே, அதையே அவர் ஊர் அளவில் செய்தார். குடிதண்ணியா? அதே தண்ணியைக் குடித்த ஊர் மக்களுக்கு நோய் இல்லை. பாலா? அதுவும் பொருந்தவில்லை.

15/ கடைசியில் விருந்துக்கு வந்தார். நோய் வந்தது மூன்று சங்கத்து மாணவர்களுக்கு. மூன்றிலும் ஒரே வியாபாரியிடம் வாங்கிய சிப்பியைப் பச்சையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். மற்ற விருந்துகளுக்குப் போனவர்கள் நலமாக இருந்தார்கள்.

16/ அந்தச் சிப்பி வந்த வழியைத் தேடிப் போனால் நியூ ஹேவன் பக்கத்து ஃபேர் ஹேவன். சிப்பியை உப்ப வைக்க ஆற்று முகத்தில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து சுமார் நூறு மீட்டர் தள்ளி ஒரு வீட்டின் கழிவுக் குழாய் ஆற்றில் திறந்தது. அந்த வீட்டில் அப்போது இரண்டு டைபாய்டு நோயாளிகள். அந்த வீட்டுக் கக்கூஸ் தண்ணி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த விருந்து மேசைக்கு வந்த பாதை இதுதான்.

17/ எட்டு வருஷம் கழித்து இங்கிலாந்து. 1902 நவம்பர் 10. சவுத்தாம்ப்டன், வின்செஸ்டர் இரண்டு ஊர் மேயர்களும் ஒரே நாளில் விருந்து வைத்தார்கள். இரண்டு இடத்துக்கும் சிப்பி வந்தது எம்ஸ்வொர்த் என்ற ஊரிலிருந்து. விருந்தினர்கள் பலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு டைபாய்டு. வின்செஸ்டர் பேராலயத்தின் தலைமை குரு ஸ்டீபன்ஸ் அதில் இறந்தார்.

18/ எம்ஸ்வொர்த் ஊராட்சி போட்ட புதுச் சாக்கடை சிப்பிப் படுகையில் போய்த் திறந்ததுதான் காரணம். சிப்பித் தொழிலே படுத்தது. ஃபாஸ்டர் என்ற சிப்பி வியாபாரி ஊராட்சி மேல் வழக்குப் போட்டு 1906ல் ஜெயித்தார். ஆனா போன உயிரும் தொழிலும் திரும்பி வரலை.

19/ இதில் ஒரு மருத்துவ விஷயம். சிப்பி கெட்டுப்போகவே இல்லை. நாற்றம் இல்லை, நிறம் மாறவில்லை, ருசி குறையவில்லை. அன்று காலை எடுத்த மாதிரி ஃப்ரெஷ். ஐஸ் சிப்பியை உயிரோடு வைத்தது. உள்ளே இருந்த டைபாய்டு கிருமியையும் அதே ஐஸ்தான் உயிரோடு வைத்தது. குளிர் கிருமி பெருகுவதைத் தடுக்கும், ஆனால் அதைக் கொன்றுவிடாது.

20/ ஆக, 1902க்குள் விஷயம் தெளிவாகத் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் 1924? ஏன்னா தெரிந்தது மருத்துவர்களுக்கு. சிப்பி போனது ரயிலில், மாநிலம் விட்டு மாநிலம். கரையோர மாநிலத்து விதி வேறு, சிகாகோ விதி வேறு. தட்டில் இருக்கும் சிப்பி எந்தத் தண்ணியில் கிடந்தது என்று சாப்பிடுகிறவருக்கோ பரிமாறுகிறவருக்கோ சொல்ல ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

21/ சிகாகோவுக்கு டைபாய்டு புதுசில்லை. 1891ல் மட்டும் அங்கே லட்சம் பேருக்கு 174 பேர் டைபாய்டில் இறந்தார்கள். காரணம், ஊர்க் கழிவு போய்ச் சேர்ந்த அதே ஏரியிலிருந்து குடிதண்ணி எடுத்தது. 1900ல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே திருப்பினார்கள். பிறகு குடிதண்ணியில் குளோரின் கலந்தார்கள். டைபாய்டு அடங்கியது.

22/ அடங்கியிருந்ததால்தான் 1924 டிசம்பரில் திடீரென்று ஏறியது கண்ணில் பட்டது. சிகாகோ சுகாதார ஆணையர் ஹெர்மன் பண்டெசன் விசாரித்தார். தண்ணி சுத்தம், பால் சுத்தம். அதே நேரத்தில் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் டைபாய்டு. மூன்று ஊருக்கும் பொதுவான தண்ணி கிடையாது, பொதுவான பால் கிடையாது. பொதுவாக இருந்தது பச்சைச் சிப்பி.

23/ மத்தியப் பொதுச் சுகாதாரத் துறையின் டாக்டர் லம்ஸ்டன் தடம் பிடித்துப் போனார். தடம் நியூயார்க் லாங் ஐலண்டின் வெஸ்ட் சேவில் சிப்பியில் போய் முடிந்தது. யோசிச்சுப் பாருங்க. தன் குடிதண்ணியைச் சுத்தமாக்க ஆற்றையே திருப்பிய ஊர் சிகாகோ. இன்னொரு ஊரின் சாக்கடைத் தண்ணியைக் காசு கொடுத்து வரவழைத்துக் குடித்தது போல ஆகிவிட்டது.

24/ செய்தி பரவியதும் சிப்பி விற்பனை சரிந்தது. இந்த முறை வியாபாரிகளே அரசிடம் கட்டுப்பாடு கேட்டார்கள். 1925 பிப்ரவரி 19ல் தலைமை மருத்துவர் ஹியூ கம்மிங் வாஷிங்டனில் கூட்டம் போட்டார். மாநில அதிகாரிகள், மத்திய அரசு, சிப்பித் தொழில் எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் பிறந்தது.

25/ திட்டம் எளிமையானது. சிப்பியைச் சோதிப்பதை விட அது வளரும் தண்ணியைச் சோதி. தண்ணி சுத்தமில்லை என்றால் அந்தப் படுகையில் எடுக்கத் தடை. சுத்தமான இடத்தில் எடுத்தவருக்குச் சான்று. மூட்டையில் யார் எடுத்தது, எங்கே, எந்தத் தேதி என்று சீட்டு. நூறு வருஷம் ஆகியும் அமெரிக்காவில் அடிப்படை இதுதான்.

26/ அங்கே உணவகங்கள் அந்தச் சீட்டை, மூட்டையில் கடைசிச் சிப்பி தீர்ந்த பிறகும் 90 நாள் பத்திரப்படுத்தி வைக்கணும். ஏன் இவ்வளவு நாள்? இன்னொரு நோய் இருக்கிறது, ஹெபடைடிஸ் ஏ, அதாவது மஞ்சள் காமாலை. தொற்றிய பிறகு வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகும். நோயாளி டாக்டரிடம் வந்து, விசாரணை தொடங்கும்போது சீட்டு குப்பைக்குப் போயிருக்கக் கூடாது.

27/ இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1988ல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டி சாப்பிட்டு சுமார் 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. லேசாக வெந்நீர் காட்டி எடுத்தால் மட்டியின் ஓடு திறக்கும், வைரஸ் சாகாது. உள்சதை 90 டிகிரியில் ஒன்றரை நிமிடமாவது வேகணும்.

28/ இப்ப உங்களுக்கு. கடலில்லாத ஊரில் பெரிய விலை கொடுத்துச் சாப்பிடும்போது நீங்க கொடுப்பது விமானத்துக்கு, ஐஸுக்கு, ஏசிக்கு, தட்டின் அழகுக்கு. தண்ணியின் சுத்தம் அந்த பில்லில் தானாகச் சேர்ந்து வராது. 'ஃப்ரெஷ்ஷா?'ன்னு கேட்டால் எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. அந்த மேயர் விருந்துச் சிப்பியும் ஃப்ரெஷ்தான்.

29/ கேட்க வேண்டிய கேள்வி: 'எந்தத் தண்ணியில் எடுத்தது, எப்போ எடுத்தது?' நல்ல இடம் என்றால் பதில் வரும், சீட்டும் இருக்கும். முழித்தார்கள் என்றால் பச்சையாகச் சாப்பிடாதீங்க. நன்றாக வெந்தது போதும். நம்ம வீடுகளில் சிப்பி, மட்டி எதுவானாலும் மசாலா போட்டுக் கொதிக்க விடுகிற பழக்கம் நல்ல பழக்கம். விட்டுடாதீங்க.

30/ ஒரு எச்சரிக்கை. கல்லீரல் நோய், கட்டுக்குள் வராத சர்க்கரை, எதிர்ப்புச் சக்தி குறைவு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் பச்சைச் சிப்பியைத் தொடவே வேண்டாம். சுத்தமான கடலிலும் இயல்பாகவே வாழும் விப்ரியோ வல்நிஃபிகஸ் என்ற கிருமி உண்டு. அது தீவிரமாகத் தொற்றினால் ஐந்தில் ஒருவர் வரை இறக்கிறார்கள். இதற்கு எந்தச் சீட்டும் காவல் இல்லை, வேக வைப்பது மட்டும்தான் காவல்.

31/ மூட்டையில் தொங்கும் அந்தச் சின்னச் சீட்டு சும்மா வந்ததில்லை. மிடில்டவுனில் விருந்துக்குப் போன நாலு மாணவர்கள், வின்செஸ்டரில் ஒரு குரு, 1924ல் 150 பேர் என்று உயிர் கொடுத்து வாங்கியது. அடுத்த முறை கடல் உணவு மெனுவைத் திறக்கும்போது விலையைப் பார்க்கும் முன் அந்தக் கேள்வியைக் கேளுங்க.

கடல் உணவுப் பிரியர்கள் யாராவது இருந்தால் அவங்களுக்கும் அனுப்புங்க.