சோழவரத்து நோட்டு

பென்னலூருக்கு நாங்கள் குடிவந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கிழக்கே இருந்து ஒரு சத்தம் வரும். பெரிய வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஹாலில் டி.வி. கேட்காது. என் மனைவி முதலில் ஏதோ கம்பெனி ஜெனரேட்டர் என்றே நினைத்தாள். அது இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் என்று நான் சொன்னபோது, "இதுக்கா ஒரு காலத்துல நீங்க சைக்கிள்ல சோழவரம் வரைக்கும் போனீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம், இதற்குத்தான் போனேன். அப்படிப் போன ஒரு நாளைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன்.

சோழவரத்தில் பந்தயத்துக்கென்று யாரும் தடம் போட்டதில்லை. இரண்டாம் உலகப்போர் காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை அது. செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில் இருக்கிறது. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை வாங்கிக் கேட்டுப் பந்தயம் நடத்தியது. பிப்ரவரி மாதம் வந்தால் மெட்ராஸில் பாதிப்பேர் அங்கேதான். ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று நாம் ரோட்டில் பார்க்கிற வண்டிகளே சைலன்ஸரைக் கழற்றிவிட்டு வேறு ஜன்மம் எடுத்து வரும். புல்லட்டும் ஜாவாவும் தனியாக ஓடும். பின்னாளில் விஜய் மல்லையா 'என்சைன்' என்ற நிஜமான ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார். நான் சொல்வது அதற்கெல்லாம் முன்னால்.

என் சித்தப்பா பாடியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பந்தயத்துக்கு வந்த ஒரு ஃபியட்டின் சிலிண்டரை போரிங் செய்யும் வேலை அவர் கைக்கு வந்தது. அந்த வண்டிக்கு நம்பர் 11. ஓட்டியவர் யார் என்பதெல்லாம் சித்தப்பாவுக்கு முக்கியமில்லை. உள்ளே சுற்றுவது தன் வேலை, அவ்வளவுதான். என்னை சைக்கிள் காரியரில் உட்காரவைத்து விடிகாலையில் கிளம்பினார். எனக்குப் பதினாறு வயது.

நான் ஒரு லாங் சைஸ் நோட்டும் அப்பாவின் கைக்கடிகாரமும் எடுத்துப் போனேன். ஒவ்வொரு சுற்றிலும் வண்டிகள் கோட்டைத் தாண்டும் வரிசையில் நம்பரை எழுதிக்கொண்டே வந்தேன். முதல் வண்டி தாண்டிய பிறகு 11 வர எத்தனை விநாடி என்பதையும் பக்கத்தில் குறித்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் பதில் இல்லை. சிலருக்கு ரயில் பெட்டிகளை எண்ணும் வியாதி இருக்குமே, அந்த ஜாதி. (பிற்பாடு ரயில்வேயிலேயே போய்ச் சேர்ந்தேன் என்பது இங்கே பழகியவர்களுக்குத் தெரியும்.)

நான் செய்தது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. மின்னணுக் கருவி வருவதற்கு முன் உலகம் முழுவதும் பந்தயக் கணக்கு இப்படித்தான் கையால் எழுதப்பட்டது. ஜாக்கி ஸ்டூவர்ட்டுக்கு அவர் மனைவி ஹெலன் பிட் பக்கம் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து நேரம் எடுத்தார். கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1973 செப்டம்பரில் கனடாவில் நடந்த பந்தயமே சாட்சி. மழை விட்டதும் எல்லோரும் டயர் மாற்ற உள்ளே போய் வந்தார்கள். அதற்குள் ஒரு விபத்து. ஃபார்முலா ஒன்னில் முதல்முறையாகப் பாதுகாப்பு வண்டியை இறக்கினார்கள். அது முதலில் போகிறவனுக்கு முன்னால் போய் நிற்காமல் தவறான வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. அதோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும் கணக்கு குழம்பியது. ஃபிட்டிபால்டிதான் ஜெயித்தார் என்று லோட்டஸ் முதலாளி காலின் சாப்மன் தொப்பியை வீசிக் கொண்டாடினார். பல மணி நேரம் தாள்களைப் புரட்டிய பிறகு, ஜெயித்தது பீட்டர் ரெவ்சன் என்று அறிவித்தார்கள்.

சோழவரத்துக்கு வருகிறேன். பத்துச் சுற்றுப் பந்தயம். 11 கடைசியில் மூன்றாவதாக வந்தது. ஆனால் சித்தப்பா ஊரெல்லாம் சொன்ன கதை வேறு. "கடைசி வரைக்கும் பதினொண்ணுதான் லீடிங். கடைசில ஏதோ கோல்மால் பண்ணிட்டானுங்க." முதல் வருஷம் கேட்டேன், இரண்டாம் வருஷமும் கேட்டேன். மூன்றாம் வருஷம் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில், சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் அதையே ஆரம்பித்தபோது, நான் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்து விரித்துவிட்டேன். பத்துச் சுற்றில் ஒன்றில்கூட 11 முதலில் இல்லை. மூன்று, மூன்று, மூன்று, ஒருமுறை நான்கு, மறுபடி மூன்று. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் அவர் பந்தயம் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. 1994ல் போய்விட்டார்.

கல்யாண வீட்டில் நான் சொன்னது சரிதான் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

என் வேலை சென்னை டிவிஷனில் செக்‌ஷன் கண்ட்ரோலர். ரயில் ஓட்டத்தைக் கோடாகப் பார்த்தே முப்பது வருஷம் போனது. பெரிய தாளில் குறுக்கே நேரம், நெடுக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. வேகமாகப் போனால் கோடு செங்குத்தாக நிமிரும். நின்றால் படுத்துவிடும். பிருந்தாவன் வருகிறதென்றால் முன்னால் போகும் கூட்ஸை வாலாஜா ரோட்டிலோ காட்பாடியிலோ லூப்பில் ஒதுக்குவோம். தாளில் கூட்ஸின் கோடு அங்கே படுத்திருக்க, பிருந்தாவன் கோடு அதை வெட்டிக்கொண்டு மேலே போகும். இந்த முறை நம் கண்டுபிடிப்பு இல்லை. பாரிஸ்–லியோன் ரயில்களை இப்படி வரைந்த தாளை 19ம் நூற்றாண்டில் மாரே என்ற பிரெஞ்சு உடலியல் பேராசிரியர் தன் புத்தகத்தில் போட்டு, இதை வரைந்தவர் இப்ரி என்ற எஞ்சினியர் என்று சொல்லியிருக்கிறார். இன்று எங்கள் ஆபீஸில் பென்சிலும் இல்லை, ரப்பரும் இல்லை. கம்ப்யூட்டர் வரைகிறது.

சென்ற மே மாதம் பேத்தி லீவுக்கு வந்தாள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். லேப்டாப்பில் கார் பந்தயக் கணக்கைக் கோடாக வரைந்துகொண்டிருந்தாள். 1996லிருந்து ஃபார்முலா ஒன் பந்தயங்களின் ஒவ்வொரு சுற்று நேரமும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இருக்கிறதாம். "இது எங்க கண்ட்ரோல் சார்ட்தானே?" என்றேன். "இல்ல தாத்தா, அப்படி வரைஞ்சா ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

அவள் சொன்னது சரி. இருங்காட்டுக்கோட்டைத் தடம் முழுசாக 3.717 கிலோமீட்டர், 12 வளைவு. ஒரு வண்டி அதை 100 விநாடியில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 134 கிலோமீட்டர். இன்னொன்று அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் பின்தங்கும். பத்துச் சுற்றில் ஐந்து விநாடி, 185 மீட்டர். பந்தயத்தில் அது மலை. ஆனால் எங்கள் ரயில் தாளில் போட்டால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். மெயிலுக்கும் கூட்ஸுக்கும் உள்ள வித்தியாசம் வேறு, இரண்டு பந்தய வண்டிகளுக்குள் உள்ள வித்தியாசம் வேறு.

அதனால் அவர்கள் செய்வது ஒரு கழித்தல். முதலில் போகிற வண்டியைப் படுத்த கோடாக வைத்துவிட்டு, மற்றவர்கள் எத்தனை விநாடி பின்னால் என்பதை மட்டும் கீழே வரைகிறார்கள். பொதுவாக இருப்பதை எடுத்துவிட்டதால் மிச்சம் இருப்பது பெரிதாகத் தெரிகிறது. கோடு கீழே போனால் பின்தங்குகிறான். மேலே ஏறினால் நெருங்குகிறான். திடீரென்று கிணற்றில் விழுந்தால் பிட்டுக்குப் போயிருக்கிறான். இன்னொரு வகைப் படமும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் யார் எத்தனையாவது என்பதை மட்டும் காட்டுவது. என் நோட்டு அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன்.

நம் நாராயண் கார்த்திகேயனின் பந்தயத்தைக் காட்டு என்றேன். கோயம்புத்தூர் பையன், முதல் ஃபார்முலா மாருதி பந்தயத்தை இந்த ஸ்ரீபெரும்புதூர் தடத்தில்தான் ஓட்டினார், முதல் பந்தயத்திலேயே மேடை ஏறினார். 2005ல் ஜோர்டன் அணிக்காக மெல்போர்னில் முதலில் ஓட்டியபோது 15ஆம் இடம். அதே வருஷம் ஜூன் 19, இண்டியானாபோலிஸில் நான்காம் இடம், 5 புள்ளி. பத்திரிகையில் பார்த்து அன்று நான் ஆபீஸில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தேன்.

படத்தில் அது வேறு மாதிரி இருந்தது. இருபது பேர் பட்டியலில், பதினான்கு பேருக்குக் கோடே இல்லை. மிஷலின் டயர் அந்தத் தடத்தின் வளைவைத் தாங்காது என்று, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பதினான்கு வண்டிகளும் உள்ளே போய்விட்டன. மிச்சம் ஆறு. மேலே இரண்டு ஃபெராரி, நடுவில் இரண்டு ஜோர்டன், கீழே இரண்டு மினார்டி. "ஆறு பேர்ல நாலாவதா?" என்று பேத்தி சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. கல்யாண வீட்டில் கேட்ட அதே சிரிப்பு. அப்புறம் அவளே சொன்னாள்: "ஆனா தாத்தா, 73 சுத்துல ஒரே ஒரு சுத்துதான் பின்னாடி. மினார்டி ரெண்டும் ரெண்டு சுத்து பின்னாடி." தன் வண்டிக்கு ஏற்ற இடத்தில்தான் அவர் வந்திருக்கிறார். இடத்தை மட்டும் பார்த்தால் ஆகாயத்தில் ஏற்றலாம், குழியிலும் தள்ளலாம்.

அன்று ராத்திரி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கி நோட்டை எடுத்தேன். பேத்தி நம்பர்களை ஏற்றினாள். இட வரிசைப் படம் நான் சொன்ன மாதிரியே வந்தது. 11 மூன்றாவதிலேயே கிடந்தது. "பக்கத்துல எழுதியிருக்கீங்களே, இது என்ன?" என்றாள். விநாடிகள். நானே மறந்துபோனவை. ஐந்தாவது சுற்று 14. ஆறு 12. ஏழு 11. எட்டு 9. ஒன்பது 7. பத்து 5.

அதையும் வரைந்தாள். சிவப்புக் கோடு. நாலாவது சுற்றுவரை இறங்கிக்கொண்டே வந்து, ஐந்தில் பள்ளத்துக்குப் போய் (வளைவில் வண்டி சுழன்று நின்றது இப்போது ஞாபகம் வந்தது, எழுந்த புழுதிகூட), அங்கிருந்து நேராக மேலே ஏறியது. சுற்றுக்குக் கிட்டத்தட்ட இரண்டு விநாடி. கைக்கடிகாரக் கணக்கு, ஒரு விநாடி முன்பின் இருக்கும். இருந்தாலும் ஏறுகிற கோடு ஏறுகிற கோடுதான். அந்த மைதானத்தில் அந்த நேரத்தில் மிக வேகமாக ஓடியது 11. இன்னும் மூன்று சுற்று இருந்திருந்தால் முன்னால் போயிருக்கும்.

சித்தப்பா சொன்னது பொய்தான், அது முதலில் வரவே இல்லை. ஆனால் அவர் கண் பார்த்தது அந்தக் கோட்டை. எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வருகிற வண்டியை. தன் கையால் போரிங் போட்ட என்ஜின் ஏறிவருவதைப் பார்த்தவர் அதை "லீடிங்" என்று சொன்னார். நான் கையில் அந்த விநாடிகளை வைத்துக்கொண்டே இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன், அதுவும் பந்தியில்.

சோழவரத்து ஓட்டம் எண்பதுகளோடு முடிந்தது. 1990ல் கிளப் தன் சொந்தத் தடத்தை இங்கே இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது. ஹூண்டாய் வந்தது அதற்கும் பின்னால்தான். இப்போது ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சின்னக் கருவி, கோட்டுக்கு அடியில் புதைத்த கம்பி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணக்கு. எந்தப் பையனும் நோட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போன வாரம் பாடிக்குப் போனேன். சித்திக்கு எண்பத்திமூன்று. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல உங்க சித்தப்பாது எது?" என்றார். சிவப்பைக் காட்டினேன். "மேலதானே போகுது?" என்றார். ஆமாம் சித்தி என்றேன். காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சுவரில் ஆணி இல்லை. அடுத்த முறை போகும்போது வாங்கிக்கொண்டு போக வேண்டும்.