தட்டான் மேல சிவப்பு மணி

சுத்துக்கேணின்னா நமக்கு கசால் அகழாய்வு செஞ்ச பெருங்கற்கால ஈமக்காடுதான் ஞாபகம் வரும். அங்க ஏரிக்கரைத் தட்டானைக் கொஞ்சம் உத்துப் பாருங்க, அதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு.

சில தட்டான்கள் வயித்தடியில கடுகைவிடச் சின்னதா சிவப்பு மணிகள் ஒட்டியிருக்கும். முட்டை இல்லைங்க, நீர் உண்ணியோட லார்வா! வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், லார்வாவுக்கு ஆறே கால். தட்டான், கொசு, நீர்வண்டுன்னு தொத்திக்கிட்டு, உடம்புச் சாறை உறிஞ்சிப் பை மாதிரி உப்பிடும்.

1781-லயே டென்மார்க்கின் ஓ. எஃப். முல்லர் நீர் உண்ணிகளுக்குன்னு தனிப் புத்தகம் போட்டார். ஆனாலும் 1820-கள்ல, அதாவது புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்த காலத்துல, பாரிஸின் ஔடுவான் நீர்வண்டு மேல இருந்த லார்வாவைத் தனி இனம்னு எண்ணி ‘அக்லிசியா’ன்னு பேர் வச்சுட்டார். 1834-ல இன்னொரு பிரெஞ்சுக்காரர் துஜே, இது நீர் உண்ணியோட குழந்தைப் பருவம்தான்னு காட்டினார்.

இதனால என்ன பிரயோசனம்னு கேப்பீங்க. கொசு முட்டையிடத் தண்ணிக்கு வர்றப்போதான் லார்வா இறங்கும். அதனால உண்ணி ஒட்டின பெண்கொசு பெரும்பாலும் இன்னும் முட்டையிடாத இளசு. மலேரியா, யானைக்கால் பரப்புறது வயசான கொசு. யானைக்காலோட மல்லுக்கட்டின நம்ம ஊருக்கு இந்தக் கணக்கு முக்கியம் இல்லையா?